விண்மீன்களின் வண்ணக்கர்

சங்கப் புலவர்தம் பெயர்களை நிரல்படுத்திப் பார்க்குங்கால், அவர்கள் செய்த தொழிலும் பிறந்த ஊரும் பெயரோடு ஒட்டி நிற்பதைக் காணலாம். கூல வாணிகரும் அறுவை வாணிகரும் மருத்துவரும் கணக்காயரும் அங்கே ஓரவையில் வீற்றிருக்கின்றனர். அவ்வவையில் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார் ஆகியோரும் உளர். வண்ணக்கர் என்போர் பொன்னையும் காசையும் நோட்டம் பார்த்து, மாற்று அறிந்து உரைப்போர். பகலெல்லாம் காசின் நிறத்தை ஆய்ந்த கண்களே பின்னர் உலகையும் ஆய்ந்து பாடின. தொழில் ஒருபுறம், புலமை ஒருபுறம் எனப் பிரித்து வைக்கும் வழக்கம் அக்காலத் தமிழகத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டில், வங்கத்தில், அப்படி ஒரு வண்ணக்கர் வாழ்ந்தார். அரசுக் கருவூலத்தில் காசு பார்ப்பது அவர் தொழில். இரவில் விண்மீன்களின் ஒளி பார்ப்பது அவர் தவம். கல்லூரி வாயிலை மிதியாத அவர் எழுதி அனுப்பிய குறிப்புகளை ஹார்வர்டு வானாய்வகம் ஏற்றுப் போற்றியது. அவர் பெயர் ராதா கோவிந்த சந்திரர். வானியலைத் தொழிலாகக் கொள்ளாமல் ஆர்வத்தால் மேற்கொண்ட இந்தியருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். திரிகூட இராசப்பக் கவிராயர் தோன்றிய மேலகரத்தில் வெளிவரும் மலரொன்றில் வங்கத்துக் கருவூலப் பணியாளரின் வாழ்க்கை இடம்பெறுவது பொருந்துமோ என ஐயுறுவார் இருக்கலாம். ஊதியம் கருதாது, மாலையில் கூடி, விரும்பியதைக் கற்பதே இலக்கிய வட்டம் ஒன்றின் உயிர்நிலை. அவ்வுயிர்நிலையை வானத்தின்பால் செலுத்தியவர் சந்திரர் என்பதே அதற்குரிய விடையாகும்.

பிறப்பும் கல்வியும்

ராதா கோவிந்த சந்திரர் 1878 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16 ஆம் நாள், ஜெசோர் மாவட்டத்துப் பாக்சர் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஜெசோர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. தந்தையார் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராகப் பணிபுரிந்தவர். பெருஞ்செல்வமோ கல்விச் செல்வாக்கோ உடைய குடும்பம் அன்று.

ஜெசோர் மாவட்டப் பள்ளியில் பயிலும்போது அட்சய குமார தத்தர் தொகுத்த வங்கப் பாடநூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. அண்டத்தின் பரப்பு எத்துணைப் பெரிது என விளக்கும் கட்டுரை ஒன்று அதில் இருந்தது. வகுப்பில் அதனைப் படித்த மாணவர் பலர். தேர்வு முடிந்ததும் மறந்தவரும் பலர். சந்திரரோ மறக்கவில்லை. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அக்கட்டுரையின் தொடர்ச்சியையே வானத்தில் படித்துக்கொண்டிருந்தார் எனலாம்.

வானத்தைப் படித்தவரால் பள்ளிப் பாடத்தில் வெல்ல இயலவில்லை. கல்லூரியில் புகுவதற்குரிய நுழைவுத் தேர்வை மீண்டும் மீண்டும் எழுதியும் அவர் தேர்ச்சி பெறவில்லை. அக்காலத்தில் அத்தேர்வில் தவறியவனுக்கு அறிவுலகின் கதவு அடைபட்டதாகவே பொருள். பின்னர் ஜெசோர் கருவூலத்தில் நாணயம் சோதிப்பவராக வேலை கிடைத்தது. மாத ஊதியம் 15 ரூபாய்.

மேசையில் குவிந்த வெள்ளிக் காசுகளுள் நல்லதும் போலியும் கலந்திருக்கும். ஓசையாலும் நிறத்தாலும் தேய்மானத்தாலும் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூற வேண்டும். காசைக் கொண்டுவந்தவர் சொல்வதை நம்பிப் பயனில்லை. காசு என்ன சொல்கிறது என்பதே கணக்கு. இப்பயிற்சி பின்னாளில் எதற்குத் துணையாகும் என்பதை அன்று எவரும் அறிந்திருக்க மாட்டார்.

கையடக்கக் கருவியும் வால்மீனும்

ஜெசோரில் காளிநாத முகர்ஜி என்னும் வழக்கறிஞர் இருந்தார். வானநூலில் தோய்ந்தவர், விண்மீன் படங்கள் வரைந்து நூல் வெளியிட்டவர். அவருடைய தொடர்பால் சந்திரர் விண்மீன் மண்டிலங்களை ஒவ்வொன்றாக இனங்காணக் கற்றார். எழுத்தறியும் குழந்தை அரிச்சுவடியை விரலால் தடவிக் கற்பதுபோல, வெறுங்கண்ணால் வானத்தைத் தடவிக் கற்ற காலம் அது.

1910 ஆம் ஆண்டில் ஹாலி வால்மீன் வந்தது. ஏறத்தாழ 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஞாயிற்றை நெருங்கும் அவ்வால்மீன் அவ்வாண்டு மே மாதத்தில் நிலவுலகுக்கு அண்மையில் கடந்தது. அதன் வாலில் நச்சுவளி உண்டு என்ற செய்தி பரவவே, பல நாடுகளில் மக்கள் அஞ்சினர். சந்திரரிடம் அப்போது இருந்தது ஒரு சிறு பைனாகுலர் மட்டுமே. இருகண் நோக்கி எனத் தமிழில் வழங்கும் அக்கருவியைக் கொண்டு இரவுதோறும் வால்மீனின் நிலையையும் தோற்றத்தையும் நோக்கிக் குறித்துவைத்தார். வங்க இதழில் கட்டுரையாகவும் எழுதினார். அஞ்சியவர் நடுவே அமைதியாக அளந்துகொண்டிருந்தவர் அவர்.

அக்கட்டுரை ஜகதானந்த ராயின் கண்ணில் பட்டது. இரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனில் அறிவியல் கற்பித்தவர் அவர். வங்க மொழியில் அறிவியலை எளிமையாக எழுதிப் புகழ்பெற்றவர். தொலைநோக்கி ஒன்றை வாங்குமாறு அவர் சந்திரரைத் தூண்டினார். சிற்றூதியம் பெறும் ஒருவர்க்கு அது பெருஞ்செலவு. எனினும் 1912 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து 3 அங்குல வாயகலமுடைய தொலைநோக்கி ஒன்றைச் சந்திரர் வரவழைத்தார்.

மேலகரத்து மாடியிலிருந்து

சந்திரரைப் புகழுக்கு அழைத்துச் சென்றது தொலைநோக்கியே ஆயினும், அவரை வானுக்கு அழைத்துச் சென்றது பைனாகுலர்தான். அச்சிறு கருவியின் ஆற்றலைப் பலர் அறியார். இருட்டில் விரிந்த இளையோர் கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் வில்லை பொருத்திய பைனாகுலர் அதனைப்போல் ஐம்பது மடங்கு பரப்பில் ஒளியைத் திரட்டுகிறது. மேலும் அதன் காட்சிப் பரப்பு அகன்றது; தொலைநோக்கியில் துண்டு துண்டாகத் தெரிவது இங்கே முழுதாகத் தெரியும்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்தில், நிலவில்லாத இரவொன்றில், தெருவிளக்கு மறைந்த மாடியில் நின்று இதனைச் சோதிக்கலாம். சாரல் பெய்யும் ஆனி, ஆடித் திங்கள்களில் மலைமுகில் வானத்தை மூடிவிடும். தை முதல் சித்திரை வரை அதற்கு ஏற்ற காலம். வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்களாகத் தோன்றும் கார்த்திகை, கருவி வழியே பல பத்து மீன்கள் செறிந்த கொத்தாக மலரும். பூசத்தில் மங்கிய புகைபோல் தெரியும் திட்டு, தனித்தனி மீன்களாகப் பிரியும். ஓரியன் மண்டிலத்து வாளின் நடுவே பஞ்சுபோல் ஒளிர்வது புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் வளிமுகில். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. சித்திரை, வைகாசி இரவுகளில் தென்வானில் தோன்றும் ஒமேகா செண்டாரி பல இலட்சம் மீன்கள் திரண்ட உருண்டை. வங்கத்தைவிட மேலகரத்து வானில் அது உயரமாகவே எழும். கார்கால இறுதியில் வடவானில் தெரியும் ஆண்டிரோமெடாத் திரளோ நம் பால்வெளிக்கு அப்பால் 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் நிற்பது.

இவற்றை விண்ணாழப் பொருள்கள் என்பர். இவற்றைக் காண்பதற்கென ஒரு நெறியுண்டு. கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். முழங்கைகளைச் சுவரிலோ நாற்காலியிலோ ஊன்றி நடுக்கத்தைத் தவிர்க்க வேண்டும். மங்கிய பொருளை நேரே உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்று விலக்கினால் தோன்றும். கண்ணின் நடுப்பகுதியைவிடச் சுற்றுப்பகுதி மங்கொளியை நன்கு உணர்வதே இதற்குக் காரணம். பொறுமையும் அடக்கமும் உடையார்க்கே வானம் தன்னைக் காட்டும் என்பது இங்கே உவமை அன்று. கண்ணின் அமைப்பிலேயே எழுதப்பட்ட விதி. சந்திரர் இந்நெறியில் நின்று தம் கண்களைப் பழக்கியவர்.

கழுகு மண்டிலத்தில் ஒரு புது ஒளி

1918 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் நாள் இரவு, திருவோண மீன் விளங்கும் கழுகு மண்டிலத்தில், அதுவரை காணாத ஓர் ஒளியைச் சந்திரர் கண்டார். ஒவ்வோர் இரவும் பார்த்துப் பழகிய முகங்களின் நடுவே புதியவர் ஒருவர் நின்றால் வீட்டாருக்கு உடனே தெரியுமன்றோ? அவ்வாறே அவருக்கும் தெரிந்தது.

அது புதுமீன் எனப்படும் நோவா. உண்மையில் அது புதிதாய்ப் பிறந்த மீன் அன்று. முதிர்ந்து சுருங்கிய வெண்குறுமீன் ஒன்று தன் துணைமீனிடமிருந்து வளியை ஈர்த்துக்கொண்டே இருக்க, அது மிகுந்து ஒருநாள் வெடிப்பதால் தோன்றும் பேரொளி. அம்மீன் ஏறத்தாழ ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதாக இன்று அறிகிறோம். பிற்காலச் சோழர் தலையெடுத்த காலத்தையொட்டிப் புறப்பட்ட ஒளி, 1918 இல் ஜெசோர்க் கருவூலப் பணியாளரின் கண்ணை வந்தடைந்தது. ஓரிரு நாள்களில் அது வானத்தின் மிகப் பொலிவான மீன்களோடு ஒப்ப ஒளிர்ந்து பின்னர் மங்கியது. உலகின் பிற பகுதிகளிலும் அந்நாள்களில் பலர் அதனைக் கண்டறிந்தனர். அதனை முதற்கண் கண்ட சிலருள் ஒருவராகச் சந்திரர் போற்றப்படுகிறார்.

கண்டதோடு அவர் நிற்கவில்லை. தம் குறிப்புகளை ஹார்வர்டு வானாய்வகத்தின் தலைவர் எட்வர்டு பிக்கரிங்குக்கு எழுதி அனுப்பினார். அதன் பயனாக, 1911 இல் தோன்றிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் கழகத்தோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. நுழைவுத் தேர்வு மூடிய கதவை வானம் திறந்துவிட்டது.

இரவுக் கணக்கு

சில விண்மீன்களின் ஒளி நிலையாக நிற்பதில்லை; நாள்தோறும் அல்லது திங்கள்தோறும் கூடியும் குறைந்தும் வரும். அவற்றை மாறொளி மீன்கள் என்பர். இத்துறையில் தமிழகத்துக்கு முன்னரே ஒரு பங்குண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார், தென்வானத்து வலை மண்டிலத்தில் ஒரு மீனின் ஒளி மாறுவதை 1867 இல் கண்டறிந்தார். சந்திரர் பிறப்பதற்குப் பதினோர் ஆண்டு முற்பட்ட நிகழ்ச்சி இது. இரகுநாதாசாரியார்க்கு ஆய்வகம் இருந்தது. சந்திரருக்கு வீட்டு மாடியே ஆய்வகம்.

மாறொளி மீனை அளக்கும் முறை எளியது, ஆனால் எளிதன்று. அம்மீனுக்கு அருகில், ஒளித்தரம் முன்னரே அறியப்பட்ட இரு மீன்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று சற்றுப் பொலிவானது. மற்றொன்று சற்று மங்கியது. அவ்விரண்டிற்கும் இடையில் இது எங்கே நிற்கிறது என்று மதிப்பிட்டு, ஒளித்தரத்தைப் பத்தில் ஒரு பங்கு நுட்பம் வரை குறிக்க வேண்டும். முதல் மீன் 8.2, மற்றது 8.6, இது நட்டநடுவில் நிற்கிறது என்றால் 8.4. முந்தைய இரவின் கணக்கை மனத்தில் கொண்டு பார்த்தல் கூடாது; எதிர்பார்ப்பதை எழுதுதலும் கூடாது; கண்டதையே எழுத வேண்டும். வண்ணக்கன் காசைப் பார்ப்பதும் இவ்வாறன்றோ? ஒப்புக் காசைப் பக்கத்தில் வைத்து, உடையவன் முகத்தைப் பாராது, மாற்றை மட்டும் உரைக்கும் தொழில் அது. பகலில் வெள்ளிக் காசு, இரவில் வெள்ளி மீன். இரண்டிலும் அவர் கைக்கொண்டது ஒரே அறம்.

ஜெசோரின் இருப்பிடமும் அறிவியலுக்கு உதவியது. அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது வங்கத்தில் இரவு. அங்குள்ள நோக்குநர் மீன்களைக் காண இயலாத நேரங்களில் சந்திரர் கண்டு எழுதினார். உலகத்தார் எழுதும் ஒரே கணக்கேட்டில் விடுபட்ட பக்கங்களை நிரப்பியவர் அவர். 1919 முதல் 1954 வரை அவர் கழகத்துக்கு அனுப்பிய மதிப்பீடுகள் 37,215. மழைநாள், நிலவுநாள், நோயுற்ற நாள் எதையும் கழிக்காமல் வகுத்தாலும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் வரும். வங்கத்து மழைக்காலத்தை அறிந்தவர்க்கே இவ்வெண்ணின் அருமை முழுதும் விளங்கும்.

1926 ஆம் ஆண்டில் கழகம், 6 அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட வாயகலமுடைய தொலைநோக்கி ஒன்றை அவருக்கு இரவலாக அனுப்பியது. அது சார்லஸ் எல்மர் என்பாருடையது. அவரும் தொழில்முறை வானியலர் அல்லர். நீதிமன்றக் குறிப்பெழுதும் நிறுவனம் நடத்திய ஆர்வலர். அவர் பின்னாளில் கூட்டாக நிறுவிய பெர்க்கின் எல்மர் நிறுவனமே, 1990 இல் விண்ணில் செலுத்தப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் பெரிய ஆடியைச் செய்தது. நீதிமன்றக் குறிப்பெழுத்துத் தொழிலரின் கருவி கடல் கடந்து கருவூலப் பணியாளரிடம் வந்து சேர்ந்ததை, நாடும் மொழியும் கடந்த அறிவுக் கேண்மைக்கு ஒரு சான்றாகக் கொள்ளலாம். 1928 இல் பிரெஞ்சு அரசும் சந்திரருக்குக் கல்வித்துறைச் சிறப்பு ஒன்றை வழங்கியது.

பிரிவினையும் இறுதியும்

1947 இல் நாடு விடுதலை பெற்றபோது வங்கம் இரண்டாயிற்று. ஜெசோர் கிழக்குப் பாகிஸ்தானின் பகுதியாயிற்று. பிறந்த மண்ணையும் இரவுதோறும் நின்று பழகிய மாடியையும் விட்டு, முதுமையில் சந்திரர் மேற்கு வங்கத்துக்கு இடம்பெயர்ந்தார். நிலத்தின்மேல் கோடு கிழித்தவர்களால் வானத்தின்மேல் கிழிக்க இயலவில்லை என ஆறுதல் கொள்ளலாம். ஆயினும் வானத்தைப் பார்ப்பதற்கும் கால் ஊன்ற ஓரிடம் வேண்டும். 1954 ஆம் ஆண்டோடு அவருடைய இரவுக் கணக்கு நின்றது.

இரவலாக வந்த தொலைநோக்கி, கழகத்தின் விருப்பப்படி, நைனிதாலில் வானாய்வகத்தை நடத்திவந்த வைணு பாப்புவிடம் சென்றது. சென்னையில் 1927 இல் பிறந்த பாப்பு, மாணவப் பருவத்திலேயே மாறொளி மீன்களை நோக்கிக் குறிப்பெழுதிப் பழகியவர். 1960 இல் கோடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பேற்ற அவர், சவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்து அங்கே புதிய வானாய்வகம் ஒன்றை உருவாக்கினார். சந்திரர் கையாண்ட தொலைநோக்கியும் இறுதியில் காவலூருக்கு வந்து சேர்ந்தது. 1982 இல் பாப்பு மறைந்தார், 2.34 மீட்டர் ஆடியுடைய காவலூர்ப் பெருந்தொலைநோக்கி 1986 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெரிய கருவி நிற்கும் மலைக்கே, ஜெசோர் மாடியில் ஆயிரமாயிரம் இரவுகள் விழித்திருந்த சிறிய கருவியும் வந்தது. வங்கத்து வண்ணக்கரின் வாழ்வு தமிழ் மண்ணைத் தொட்டது இவ்வாறுதான்.

சந்திரர் 1975 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் நாள் பாராசாத் நகரில், தம் 97 ஆம் அகவையில் மறைந்தார். இறுதி ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. உலக வானியலர் அறிந்த அவர் பெயரை உடன் வாழ்ந்தோருள் பலர் அறியவில்லை. இதற்காக அவர் பிறந்த வங்கத்தை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பட்டத்தைக் கேட்டு மதிப்பிடும் பழக்கம் எங்கும் உண்டு. தமிழகமும் அதற்கு விலக்கன்று. எத்துணைப் படித்தார் என்று வினவுவோர் மிகுதி. எத்துணை இரவு விழித்தார் என்று வினவுவோர் அரியர்.

ஆயினும் அவர் எழுதிய எண்கள் அழியவில்லை. மாறொளி மீன் கழகத்தின் தொகுப்பில் இன்று பல கோடிப் பதிவுகள் உள்ளன. அவற்றினூடே ஜெசோரின் 37,215 பதிவுகளும் உள்ளன. ஒரு மீன் நூறாண்டில் எவ்வாறு மாறியது என்று ஆராய விரும்பும் அறிஞர், எத்துணைப் புதுக்கருவி உடையராயினும், 1925 ஆம் ஆண்டின் ஓர் இரவைத் திரும்ப அழைக்க முடியாது. அன்று விழித்திருந்தவன் எழுதிவைத்ததையே நாட வேண்டும். கடந்துபோன இரவுக்கு வேறு சான்று இல்லை.

வடம வண்ணக்கர் பார்த்த காசுகள் இன்று இல்லை. அவர்தம் பாடல்கள் உள்ளன. ஜெசோர் வண்ணக்கர் எண்ணிய வெள்ளிக்காசுகள் எங்கோ போயின. அவர் எண்ணிய ஒளிகள் ஏட்டில் நிற்கின்றன. மேலகரத்து மாடியொன்றில் இன்றிரவு ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ பைனாகுலரைக் கையிலெடுத்துக் கார்த்திகையை நோக்கினால், கண்டதை ஒரு குறிப்பேட்டில் நாளும் நேரமும் இட்டு எழுதிவைத்தல் நன்று. முதற்பக்கத்தில் பிழை இருக்கலாம். நூறாம் பக்கத்தில் கண் பழகிவிடும். பத்தாண்டு இடையறாது கூடிவந்த இலக்கிய வட்டத்தார்க்கு அவ்வுண்மையைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.